இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

கோத்தகிரியில் அன்றிரவு உறைபனி.
தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில்
நானும், ஒற்றைக் கம்பி மட்டும் சிவந்த ஹீட்டரும்,
விண்டோஸ் மூச்சுவாங்கிக் கிடந்த கணினியில்
மத்தியானம் குடிவந்த லினக்ஸும்.

நிறுவித் தந்தவன் சுகிர்தன்.
அவன் பெயரில் நிர்வாகி,
என் பெயரில் சும்மா ஒரு கணக்கு.
"பாஸ்வேர்டை அப்புறம் சொல்றேன்க்கா" என்று
கடைசி பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கினான்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
அவன் போன் ஒருமுறை செத்தது.

காலையில் கொழுந்து வரும், ரசீது வேண்டும்,
பிரிண்டருக்கு மென்பொருள் ஏற்ற வேண்டும்.
கட்டளையின் பெயர் சூடோ.
பெயரில்தான் சூடு.
கடவுச்சொல் கேட்டது. தட்டினேன்.
எழுத்து விழவில்லை, ஒரு புள்ளிகூட விழவில்லை,
மூடுபனிக்குள் ஆளைக் கூப்பிடுவது மாதிரி.
பிறகு பதில் வந்தது:

இந்திராணி பட்டியலில் இல்லை.
இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.

முதல் வரி எங்கள் வீட்டுக்குப் பழக்கம்.
அப்பாவின் பெயர் அந்தக் கரைப் பட்டியலில் இல்லை,
இந்தக் கரைப் பட்டியலில் ஏற
ஒன்பது வருஷம் பிடித்தது.
இரண்டாம் வரிதான் புதிது.
யாருக்குத் தெரிவிக்கும், இந்நேரத்தில்?

பதினொரு முறை முயன்றேன்.
அணைத்துப் போட்டால் சரியாகுமென்று அணைத்துப் போட்டேன்.
மெனுவில் லினக்ஸ் மட்டும் இருந்தது.
விண்டோஸைக் காணோம்.
அதற்குள்தான்
இருநூற்றுப் பதினாலு விவசாயிகளின் எடை,
முன்பணம், உரக்கடன்,
போன தீபாவளிக்குக் கொடுக்காத பாக்கி.

வட்டின் பகிர்வுகளை வரிசையாய்க் கேட்டேன்.
இரண்டாவது, நூற்றெட்டு ஜிபி,
கூப்பிடாத விருந்தாளி போல ஓரமாய் உட்கார்ந்திருந்தது.
அப்பாடா.
வீடு இருக்கிறது, வழிப்பலகைதான் இல்லை.

எஸ்கேப்பை அழுத்தி, மீட்பு முறைக்குள் போனேன்.
அங்கே கடவுச்சொல்லே கேட்கவில்லை.
எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலாளி என்று
நம்பிவிடுகிற கதவு.
அதுவரை வரி முனையில் நின்ற டாலர் குறி போய்
சின்னக் கம்பி ஜன்னல் போல ஒரு குறி.
படிக்க மட்டும் என்றிருந்த வட்டை
எழுதவும் விடச் சொன்னேன்.
என் பெயரைக் குழுவில் சேர்த்தேன்.
அந்தக் கட்டளையில் ஓர் எழுத்தை விட்டால்
மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் பெயர் உதிர்ந்துவிடும்.
இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் என்டர்.

மணி நாலு.
முதல் வேலையாக அந்தப் பதிவேட்டைத் திறந்தேன்.
பதினொரு புகார், எல்லாம் என்மேல்.
11:42, இந்திராணி, பட்டியலில் இல்லை.
11:43, இந்திராணி.
விசாரிக்க வேண்டியவளும் இப்போது நானே.
அழிக்கிற அதிகாரம் விரல் நுனியில் இருந்தது.
விரலை ஹீட்டரில் காட்டிக்கொண்டேன்.
அழிக்கவில்லை.

வேறு இயங்குதளத்தைத் தேடாதே என்று
முன்னெச்சரிக்கையாய் எவரோ எழுதிய ஒரு வரி.
அதை மாற்றித் தேடச் சொன்னதும்
விண்டோஸ் இருக்கிறது என்றது,
கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனே என்பதுபோல.

ஒன்பதரைக்குக் கன்னேரிமுக்கு மாதி வந்தாள்.
பனி கருக்கியது போக நாற்பத்தொரு கிலோ.
பிரிண்டர் பழகிய விண்டோஸிலேயே முதல் ரசீது.
நேரம் என்ற இடத்தில்
அதிகாலை நாலு மணி.

எடைபோடும் நஞ்சன் வாங்கிப் பார்த்தார்.
"நாலு மணிக்குத் தோட்டத்துல காட்டெருமைதான் மேயும்.
இதை யாரும்மா பறிச்சது?"

ஒன்று கடிகாரத்தில் கிரீன்விச் நேரம் எழுதிவைக்கிறது.
மற்றது அதை நம்மூர் நேரமாய்ப் படிக்கிறது.
ஐந்தரை மணி வித்தியாசம்,
இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை.
திருத்த ஒற்றைக் கட்டளை போதும்,
அதற்கு இப்போது எனக்கு அனுமதியும் உண்டு.
திருத்தினேன். புது ரசீது நீட்டினேன்.

மாதி பழையதைத் தரவில்லை.
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
"நாலு மணிக்கே பறிச்சேன்னு இருக்கட்டும்.
அந்தக் குளிருக்கு
கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட்டிப் போடு."

சிரித்தேன். நஞ்சன் சிரிக்கவில்லை.
விலை எழுதுகிற கோப்பு
வேறு கணினியில் இருக்கிறது.